ஊராட்சி சேவை மையக் கட்டடம் பூட்டியே கெடக்கு, பத்து கம்ப்யூட்டர் தர்றோம்ங்காங்க – வாங்கலாமா, எப்படி நடத்துறது?

நிட்சேபநதி:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்துல ஒரு சின்ன ஊராட்சியில வார்டு மெம்பரா இருக்கேன். எங்க ஊர்ல ஊராட்சி சேவை மையக் கட்டடம் ஒண்ணு இருக்கு, பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி தமிழ்நாடு பூரா ஊராட்சிக்கு ஒண்ணுன்னு கட்டினாங்கல்ல, அதுதான். கல்வெட்டு இருக்கு, உள்ள ரெண்டு டேபிள் இருக்கு, மத்தபடி எப்பவாவது மருத்துவ முகாம் நடந்தா தெறப்பாங்க. பக்கத்துல ஊராட்சி ஆபீஸ்ல பாரத்நெட்னு மத்திய அரசோட இன்டர்நெட் ஃபைபர் இழுத்து பொட்டியும் மாட்டிட்டு போயிருக்காங்க, லைட்டு எரியுது, அத வச்சி யாரும் எதுவும் செய்யல.

இப்போ சென்னையிலயும் துபாய்லயும் வேலை பாக்குற எங்க ஊர் பசங்க சேந்து பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தர்றோம்ங்காங்க. தலைவருக்கும் சம்மதம். எனக்கு சந்தோஷம்தான், ஆனா வாங்கி வச்சிட்டு ரெண்டு வருஷத்துல இதுவும் தூசி அடைஞ்சி கெடந்தா குடுத்த பசங்களுக்கும் மனசு விட்டுப்போயிரும், ஊர்க்காரங்களும் அடுத்த தடவ நம்ப மாட்டாங்க.

எங்க தேவை என்னன்னா, ஒரு வருமானச் சான்றுக்கும் ஜாதிச் சான்றுக்கும் சங்கரன்கோவில் போயிட்டு வாரதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிருது, அது முதல் விஷயம். சாயங்காலம் பிள்ளைங்க படிக்க ஒரு இடம் வேணும். அப்புறம் ஊராட்சிக்கு என்ன பணம் வருது என்ன செலவாகுதுன்னு சனங்க கேக்காங்க, அதையும் அங்கேயே காட்டணும்னு எனக்கு ஒரு ஆசை. எதுல ஆரம்பிக்கலாம்? ஆளுக்கு சம்பளம் எதுலேர்ந்து குடுக்குறது? ஏற்கனவே செஞ்சவங்க, பாத்தவங்க சொல்லுங்க.

சான்றிதழ் அக்கா:

தம்பி, நான் வேற மாவட்டத்துல இ-சேவை மையம் நடத்துறேன், மகளிர் குழு மூலமா ஆரம்பிச்சது. சான்றிதழ்லயே ஆரம்பிங்க, ஏன்னா அதுக்குத்தான் சனங்க தானா வருவாங்க, ஒரு தடவை வந்துட்டா மத்ததுக்கும் வருவாங்க.

ஆனா ஒண்ணு புரிஞ்சிக்கங்க, அப்ளை பண்றது மட்டும்தான் உங்க கையில. அதுக்கப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போகுது, அவங்க லாகின்ல நிக்கிற வரைக்கும் நம்ம எதுவும் செய்ய முடியாது. நம்ம செய்யக்கூடியது என்னன்னா, அவங்க திருப்பி அனுப்புறதுக்கு ஒரு காரணமும் இல்லாத மாதிரி சரியா அப்ளை பண்றது. திரும்பி வர்றதுல நிறைய சின்னச் சின்ன காரணம்தான், ஸ்கேன் மங்கலா இருக்கு, ரேஷன் கார்டுல ஒரு இனிஷியல் ஆதார்ல ஒரு இனிஷியல், போட்டோவுல முகம் தெரியல, இப்படி. ஆன்லைன்ல அப்பா பேர தப்பா அடிச்சிட்டாங்கன்னா அந்த பொண்ணு காலேஜ் சேர்ற வரைக்கும் அலையணும்.

அப்புறம் சிஏஎன் நம்பர், அதாவது இ-சேவையில ஆளாளுக்கு பதிஞ்சி குடுக்குற நம்பர், அத போடணும், அதுக்கு மொபைல்ல ஓடிபி வரும். வயசானவங்க போன் நம்பர் மாத்திருப்பாங்க, இல்லன்னா பையன் நம்பர குடுத்திருப்பாங்க, பையன் திருப்பூர்ல ஷிப்ட்ல இருப்பான், போன எடுக்க மாட்டான். அவன் எடுக்குற வரைக்கும் அந்த அம்மாவ உக்கார வச்சி தண்ணி குடுத்து காத்திருக்குற ஆள் வேணும். இதுக்கு பத்து கம்ப்யூட்டர் எதுக்கு? ஒண்ணு போதும், நல்ல ஸ்கேனர் ஒண்ணு, பிரிண்டர் ஒண்ணு. ஒரு வருவாய்த்துறை சான்றுக்கு 60 ரூபா வாங்கணும், அத பெருசா எழுதி சுவத்துல ஒட்டுங்க, ரசீது குடுங்க. அதுக்கு மேல பத்து ரூபா வாங்கினாலும் ஊர்ல பேர் கெட்டுரும்.

ஜீரோபேலன்ஸ்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்போ எல்லார் கையிலயும் ஸ்மார்ட்போன் இருக்கு, இ-சேவை போர்ட்டல்ல வீட்லேர்ந்தே அப்ளை பண்ணலாம், வீட்டு வரி குடிநீர் கட்டணம் கூட 2023லேர்ந்து கிராம ஊராட்சிக்கும் ஆன்லைன்ல கட்டலாம். கம்ப்யூட்டர் சென்டர்ங்கறது 2000 வாக்குல இருந்த யோசனை. அந்த காசுக்கு ஊர்ல நல்ல வைஃபை போட்டு விட்டா போதாதா?

சான்றிதழ் அக்கா:

எல்லார் கையிலயும் போன் இருக்குன்னு சொல்றீங்களே, வீட்டுக்கு ஒரு போன் இருக்கு, அது காலைல வேலைக்கு போற ஆம்பள கையோட போயிரும். பொண்ணுங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான். கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸ்னு சொன்னப்போ மூணு பிள்ளைங்க இருக்குற வீட்ல ஒரு போன வச்சிக்கிட்டு என்ன பாடு பட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் 2020 ஆகஸ்ட்ல கல்வி தொலைக்காட்சில பாடம் போட வேண்டி வந்துச்சு. போன்ல அப்ளை பண்ணத் தெரிஞ்ச பசங்க பண்ணிக்கிடட்டும், நல்லது. எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் போன கையில குடுத்து நீயே பாரு தாயின்னு சொல்றவங்க, அவங்கள விட்டுட முடியாது.

மணல்மேடு:

நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க நிட்சேபநதி. இதெல்லாம் நம்ம பக்கத்துலயே முன்னாடி ரெண்டு எடத்துல பெரிய அளவுல நடந்திருக்கு, ரெண்டையும் தெரிஞ்சிக்கிட்டு ஆரம்பிச்சா நல்லது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

ஒண்ணு புதுச்சேரி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல வில்லியனூர மையமா வச்சி சுத்தி இருக்குற கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க. அப்போ நெட்டு எங்க இருந்துச்சு, போன் லைனே சரியா கிடையாது, அதனால வில்லியனூர்லேர்ந்து கிராமத்துக்கு விஹெச்எஃப்ங்கற வாக்கி டாக்கி மாதிரி ரேடியோ மூலமா தகவல் அனுப்பினாங்க, கரண்ட் போனா சோலார். இடம் ஊர்தான் குடுக்கணும், எல்லா ஜாதிக்காரங்களும் உள்ள வரக்கூடிய பொது இடமா இருக்கணும்ங்கறது அவங்க நிபந்தனை. மையத்துல உக்காந்தது பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பொண்ணுங்க. என்ன தகவல் வேணும்னு முதல்ல ஊர்ல கேட்டுட்டுதான் செஞ்சாங்க, அதான் முக்கியம். வீராம்பட்டினம் மீனவர் ஊரு, அங்க வேணும்னு கேட்டது அலை உயரம். அமெரிக்க கடற்படையோட தளத்துல வர்ற அலை முன்னறிவிப்ப எடுத்து தமிழ்ல ஸ்பீக்கர்ல சொன்னாங்க, கடலுக்கு போறவன் கரையிலேயே நின்னு கேட்டுட்டு போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவான். அவன் கம்ப்யூட்டர தொடவே வேண்டியதில்ல.

2004 சுனாமி அன்னிக்கு நல்லவாடுல நடந்தது நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்லேர்ந்து வீட்டுக்கு போன் போட்டு எச்சரிக்க, அந்த மையத்து ஸ்பீக்கர்ல சொல்லி ஊரையே கரையவிட்டு வெளியேத்தினாங்க, 3000 பேருக்கு மேல பொழச்சாங்க. அன்னிக்கு காப்பாத்தினது தினமும் அலை உயரம் சொல்லி சொல்லி பழகின அந்த ஸ்பீக்கரும் அந்த குரல் மேல ஊருக்கு இருந்த நம்பிக்கையும்தான்.

இன்னொண்ணு மதுரை மேலூர். ஐஐடி மெட்ராஸ் அவங்க கார்டெக்ட் வயர்லெஸ் தொழில்நுட்பத்த வச்சி 2001 கடைசில ஆரம்பிச்ச சாரி திட்டம், அமெரிக்காவுல எம்ஐடியும் ஹார்வர்டும் கூட்டு. ஊருக்கு ஒரு கியோஸ்க், அதாவது சின்ன கம்ப்யூட்டர் மையம், உள்ளூர் ஆள் கடன் வாங்கி நடத்தணும், வர்ற வருமானம் அவருக்கு. பிறப்பு இறப்பு சான்று, முதியோர் பென்ஷன் மனு எல்லாம் மெயில்ல தாலுகா ஆபீசுக்கு போச்சு, அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கண்ண போட்டோ எடுத்து அனுப்பி யோசனை கேட்டாங்க. அருமையா ஆரம்பிச்சது, எழுபது எண்பது ஊர் வரைக்கும் போச்சு, ஆனா 2005 வாக்குல பாதிக்கு மேல மூடியாச்சு. பின்னாடி ஆராய்ச்சி பண்ணி எழுதினவங்க சொன்ன காரணத்துல கருவி ரொம்ப கீழதான் வருது. நடத்துறவருக்கு மாசம் கட்டுபடியாகல, பயிற்சி பத்தல, ஆர்வமா செஞ்ச அரசு அதிகாரிகள் மாறிப்போனதும் அடுத்து வந்தவங்களுக்கு அதுல பிடிப்பு இல்ல, மனுவுக்கு பதில் வர்றது நின்னுச்சு, பதில் வராத இடத்துக்கு சனம் ஏன் வரப்போகுது.

ஓவர்ஹெட் டேங்க் கட்டிட்டு மோட்டார் போட ஆள் போடலைன்னா எந்த ஊர்லயாவது தண்ணி வருமா? அதுக்கு சம்பளம் குடுக்கணும்னு எல்லாருக்கும் புரியுது, இதுக்கு மட்டும் புரிய மாட்டேங்குது. எல்லா திட்டத்துலயும் பொருள் வாங்க காசு கெடைக்கும், ஆளுக்கு கெடைக்காது. மத்திய அரசு ஊராட்சிக்கு குடுத்த 15ஆவது நிதிக்குழு மானியத்த எடுத்துக்கங்க, 2021லேர்ந்து 2026 வரைக்குமான அந்தக் காசுல 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டி வச்சது, மீதி 40 சதவீதம் ஊர் விருப்பம்ன்னாலும் அதுலேர்ந்து சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு விதி. அதனால உங்க பசங்ககிட்ட நேராவே சொல்லுங்க, பத்து வேண்டாம் நாலு வாங்கிக் குடுங்க, மிச்ச ஆறோட காச ஊர் பேர்ல ஒரு கணக்குல போட்டு ஒரு ஆளுக்கு ரெண்டு வருஷம் சம்பளம் குடுங்கன்னு. நான் சொல்றது இது ஒண்ணுதான்.

வன்னியூரான்:

மணல்மேடு சொன்னதை அப்பிடியே ஒத்துக்கொள்ளுறன். எங்கட நாட்டில நெனசல எண்டு ஊர்க் கணினி மையங்களை 2005 அளவில துவங்கினவை, உலக வங்கிக் காசில, இ-ஸ்ரீலங்கா திட்டத்தின்ர ஒரு பகுதி. நூற்றுக்கணக்கில ஊருகளில திறந்தவை, கனக்க இடத்தில புத்த விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயத்துக்குள்ளயே இடம் எடுத்தவை, வாடகை இல்லை, சனமும் பயமில்லாமப் பிள்ளையளை அனுப்பும். 2014ல பில் கேட்ஸ் அறக்கட்டளையின்ர விருதும் கிடைச்சது.

ஆனா இணையக் கட்டணத்துக்கு வந்த உதவி துவக்க காலத்துக்குத்தான், பிறகு தாங்களே உழைச்சு நடத்தவேணும். நான் பார்த்த அளவில நிண்டு பிடிச்சது எல்லாம் வகுப்பு நடத்தின இடங்கள். பின்னேரத்தில பெடியளுக்கு தட்டச்சு, கொஞ்சம் கணக்கு மென்பொருள், சின்னதா ஒரு கட்டணம், அதில சொல்லிக் குடுக்கிற பிள்ளைக்கு ஒரு சம்பளம். சும்மா இணையம் பார்க்கவெண்டு வந்த ஆக்கள் போன் வாங்கின உடனை நிண்டிட்டினம்.

இன்னொண்டு, மொழி. படிவம் எங்களுக்கு விளங்குற மொழியில இல்லாட்டி கணினி இருந்தும் ஒண்டும் இல்லை. சிங்களத்தில மட்டும் இருக்கிற படிவத்தைக் கொண்டு எத்தினை அம்மாமார் விதானையார், அதுதான் கிராம அலுவலர், வீட்டு வாசல்ல நிண்டிருப்பினம். வெப்தளத்தைவிட எங்கட அம்மாமாருக்கு உதவினது 1919 எண்ட அரசாங்கத் தகவல் தொலைபேசி இலக்கம், எடுத்தா தமிழிலயே என்னென்ன பத்திரம் கொண்டுபோகவேணும் எண்டு சொல்லுவினம். உங்கட மையத்திலயும் ஒரு போன் நம்பரை வையுங்கோ, வாறதுக்கு முன்னம் கேட்டிட்டு வரட்டும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

பிள்ளைங்க படிக்கிற விஷயத்துக்கு நான் சொல்றேன், அரசுப் பள்ளியில இருக்கேன்.

கம்ப்யூட்டர் குடுத்தா பிள்ளைங்க தானா படிச்சிரும்னு நெனைக்காதீங்க. பெரு நாட்டுல 8 லட்சத்துக்கு மேல சின்ன லேப்டாப் பிள்ளைங்களுக்கு குடுத்தாங்க, ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு உலகம் பூரா பேசின திட்டம்தான். 2012ல வந்த ஆய்வுல கிராமத்து ஸ்கூல்ல கணக்கு, மொழி மார்க் எதுவும் கூடலைன்னு சொன்னாங்க. வாத்தியாருக்கு அத வச்சி என்ன பாடம் எப்படி நடத்தணும்னு சொல்லித் தரல, பெரும்பாலான ஊர்ல நெட்டும் இல்ல.

அதே கம்ப்யூட்டர் டெல்லியில வேற மாதிரி வேலை செஞ்சிருக்கு. மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருள், 2019ல ஆய்வு வந்துச்சு, ஸ்கூல் விட்டப்புறம் ஒரு மையத்துல நாலரை மாசம். ஆறாவது படிக்கிற பிள்ளை கணக்குல உண்மையில மூணாவது நாலாவது லெவல்ல இருக்கும், அந்த மென்பொருள் அந்த லெவல்ல ஆரம்பிக்கும். முக்கியமா பாருங்க, 45 நிமிஷம் கம்ப்யூட்டர், 45 நிமிஷம் ஒரு ஆள் பத்துப் பதினஞ்சு பிள்ளைங்கள உக்கார வச்சி சொல்லித் தர்றது. கணக்குலயும் இந்தியிலயும் நல்ல முன்னேற்றம்.

என் வகுப்புலயும் அப்படித்தான், கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு பின்னம் நடத்திட்டு இருக்கேன், சிலபஸ் ஓடுது, எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட லெவல்ல கணக்கு குடுக்க ஒரு கருவி இருந்தா நான் சந்தோஷமா எடுத்துக்குவேன், ஆனா பக்கத்துல ஆள் வேணும். இல்லம் தேடிக் கல்வியில ஊர்ப் பொண்ணுங்கதான் மாசம் 1000 ரூபாய்க்கு சாயங்காலம் சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு லட்சம் பேர். கொரோனாவுல விட்டுப்போன படிப்பு திரும்பினதுல கால்வாசிக்கு கிட்ட அந்த வகுப்புகளாலதான்னு ஆய்வுல வந்துச்சு. உங்க ஊர்லயும் அப்படி வேலை செஞ்ச ஒரு பொண்ணு கண்டிப்பா இருக்கும், முதல்ல அவங்கள தேடிப் பிடிங்க, கம்ப்யூட்டர் அப்புறம்.

ரிப்பேருக்கு கேரளாவப் பாருங்க. 2001லேர்ந்து ஐடி அட் ஸ்கூல், இப்போ கைட்னு பேரு. பயிற்சி குடுக்குற மாஸ்டர் ட்ரெய்னரெல்லாம் வகுப்பெடுத்த வாத்தியாருங்க, ஸ்கூல் பூரா லினக்ஸ்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், லைசென்ஸ் செலவு கிடையாது. 2018லேர்ந்து லிட்டில் கைட்ஸ்னு பிள்ளைங்க கிளப் வச்சி, ஸ்கூல்ல இருக்குற கருவிய பாத்துக்கறதுலயும் பிள்ளைங்களுக்கு பங்கு இருக்கு. ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து கேபினெட்ட கழட்டினா அவ வாழ்க்கையில அதுவே ஒரு பெரிய படிப்புதான்.

கருப்பட்டி காப்பி:

ஒரு சின்ன யோசனை. 2011லேர்ந்து அரசு குடுத்த லேப்டாப் 50 லட்சத்துக்கு மேல, உங்க ஊர்லயும் வீட்டுக்கு வீடு பரண்ல கெடக்கும். பேட்டரி போயிருக்கும், சார்ஜர்ல நேரா போட்டா நிறைய ஓடும். ரேம் கூட்டி, லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டு, கிவிக்ஸ்ங்கற ஆஃப்லைன் மென்பொருள்ல தமிழ் விக்கிபீடியாவ இறக்கி வச்சிட்டா நெட்டு இல்லாமயே படிக்கலாம், பாடப்புத்தக பிடிஎஃபையும் அதுலயே போட்டுரலாம். புதுசு வாங்குற காசு அப்படியே மிச்சம். விழுப்புரத்துல லினக்ஸ் குழு ஒண்ணு கிராமத்துப் பசங்களுக்கு இலவசமா சொல்லித் தர்றாங்க, அவங்கள கேட்டா வழி காட்டுவாங்க.

தமிழ் தட்டச்சு தமிழ்99ங்கற கீபோர்டு முறையில பழக்கிருங்க, பிள்ளைங்க சீக்கிரம் பிடிச்சிக்குவாங்க.

நிட்சேபநதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. அக்கா சொன்ன ஸ்கேனர் விஷயமும் மணல்மேடு அண்ணன் சொன்ன சம்பள விஷயமும் துபாய் பசங்களுக்கு அப்படியே அனுப்பிட்டேன். ஒருத்தன், கம்ப்யூட்டர்னா போட்டோ எடுத்து போடலாம், சம்பளம்னா என்னத்த காட்டுறதுன்னு கேட்டான், மத்தவங்க பேசி சரி பண்ணிட்டாங்க. நாலு புதுசு, மத்தது பரண்ல கெடக்குறத தேத்தறது, ரெண்டு வருஷ சம்பளம். இல்லம் தேடிக் கல்வியில இருந்த தங்கச்சி ஒண்ணு இருக்கு, பிகாம் முடிச்சிருக்கு, கேட்டேன், வீட்ல பேசிட்டு சொல்றேன்னுச்சு.

ஊராட்சிக் கணக்கு பத்தி யாரும் சொல்லலையே?

மணல்மேடு:

அத மறக்கல. இ-கிராம்ஸ்வராஜ்னு மத்திய அரசு தளம் 2020 ஏப்ரல்ல வந்துச்சு. லாகின் எதுவும் வேணாம், மாநிலம் மாவட்டம் ஒன்றியம் ஊராட்சின்னு தேர்ந்தெடுத்தா உங்க ஊராட்சியோட வருஷத் திட்டம், நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்துச்சு, எந்த வேலைக்கு எவ்வளவு போச்சுன்னு பாக்கலாம். வீட்டு வரி மாதிரி ஊராட்சியோட சொந்த வருமானம் முழுசா அதுல கிடைக்கும்னு நம்பிராதீங்க, அத செயலர்கிட்ட இருக்குற ரெஜிஸ்டர்ல பாருங்க.

அத அப்படியே ஸ்கிரீன்ல காட்டினா யாருக்கும் புரியாது. அந்தத் தங்கச்சிய விட்டு தமிழ்ல ஒரு பக்கத்துக்குள்ள எழுத வச்சி, எந்த தெருவுல எந்த வேலைக்கு எவ்வளவு ரூபான்னு, கிராம சபைக்கு பத்து நாள் முன்னாடி ரேஷன் கடையிலயும் பால் சொசைட்டியிலயும் ஒட்டுங்க. இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வர்றவங்க கையில கணக்கு இருந்தா கேள்வி வேற மாதிரி வரும். தலைவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு செய்யுங்க, மறைஞ்சி செய்யறதா நெனைச்சிட்டா மையத்துக்கே சாவி கெடைக்காது.

ஜீரோபேலன்ஸ்:

வைஃபை போதும்னு சொன்னேன், ஆள் விஷயத்துல அக்கா சொல்றது சரிதான். ஆனா அந்த ஃபைபர் பொட்டிய விட்டுராதீங்க, லைட் எரியறதால லைன் ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு லேப்டாப்ப சொருகி ஸ்பீடு பாருங்க, வரலைன்னா புகார் எழுதி நம்பர் வாங்கி வச்சிக்கங்க, அது வர்ற வரைக்கும் ஒரு சிம் ரூட்டர் வச்சி ஓட்டலாம்.

சான்றிதழ் அக்கா:

யுபிஎஸ் வாங்கும்போதே ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி மாத்துற காசையும் எடுத்து வைங்க தம்பி, எங்க மையம் அதுலதான் கொஞ்ச நாள் நின்னுச்சு. தங்கச்சி சரின்னு சொன்னதும் எனக்கு மெசேஜ் போடுங்க, இ-சேவை ஐடிக்கு எப்படி அப்ளை பண்றது, என்னென்ன டாக்குமெண்ட் வேணும்னு வரிசையா எழுதித் தர்றேன், முடிஞ்சா இங்க வந்து ஒரு வாரம் என் பக்கத்துல உக்காரட்டும். தங்க இடம் நான் பாத்துக்கறேன்.

நிட்சேபநதி:

அக்கா, வீட்ல சரின்னு சொல்லிட்டாங்களாம், இப்பதான் போன் வந்துச்சு. அவங்க அம்மாவும் கூட வரலாமான்னு கேக்காங்க.

சான்றிதழ் அக்கா:

தாராளமா வரட்டும். ஆடி முடியறதுக்குள்ள அனுப்புங்க, அப்புறம் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று கேட்டு கூட்டம் வந்தா எனக்கு சொல்லிக் குடுக்க நேரம் இருக்காது.